கோணிய குழாயை நேராக்கும் வெப்பச் சுருக்கம்

மாணவர்களே, தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று கேட்டால், "வெயிலில் இரும்பு விரியும்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விரிந்த இரும்பு குளிர்ந்தால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழாய் பொருத்தும் தொழிலாளர்கள்.

பெங்கேராங், கெர்த்தே, ஜூரோங் தீவு போன்ற இடங்களில் உள்ள எண்ணெய், இரசாயன ஆலைகளில் எங்கு பார்த்தாலும் குழாய்கள்தாம். கழற்றி மாட்ட வேண்டிய இடங்களில் குழாயின் நுனியில் ஒரு தடித்த வட்டத் தட்டைப் பற்றவைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஃபிளேஞ்ச். இரண்டு ஃபிளேஞ்சுகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்குவார்கள்.

இரண்டு முகங்களும் இணையாக இருக்க வேண்டும். எவ்வளவு துல்லியமாக? ஆலைக் குழாய்களுக்கான பி31.3 என்ற அமெரிக்க விதித்தொகுப்பு, 200 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. சாய்வைத்தான் அனுமதிக்கிறது. போல்ட் துளைகள் 3 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கக் கூடாது.

இழுத்து முடுக்கினால் என்ன?

சற்றுக் கோணலாக இருந்தாலும் போல்ட்டை வலுவாக முடுக்கினால் இடைவெளி மூடிவிடும். ஆனால் ஓர் அளவுகோலை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். கை விட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும். இழுத்துக் கட்டப்பட்ட குழாயும் அப்படித்தான். அந்த விசை இரவும் பகலும் போல்ட்டுகளையும், குழாய் இணைந்திருக்கும் பம்பையும் தள்ளிக்கொண்டே இருக்கும். கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும். மறுபக்கம் தளர்ந்து கசியும்.

குழாய் இணைப்பில் விசையைக் கணக்கிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் ஓர் இரசாயன ஆலையில், பழுதான ஒரு கலனை அகற்றிவிட்டு, அதன் இருபுறமும் இருந்த கலன்களைத் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு கலன்களின் வாய்களும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் குழாயை வளைவாகச் செய்தார்கள். ஆனால் அந்த வளைவில் உண்டாகும் விசைகளை முறையாகக் கணக்கிடவில்லை. 1974 ஜூன் 1ஆம் தேதி அந்த இணைப்பு உடைந்தது. வெளியேறிய ஆவி வெடித்து 28 பேர் இறந்தனர். வாய்கள் பொருந்திவிட்டன என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

வெப்பம் எப்படி நேராக்குகிறது?

குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்றவைப்பின் ஒரு பகுதியைக் கடைந்தெடுத்து, மீண்டும் உலோகத்தை உருக்கி நிரப்புகிறார்கள். அந்த இடம் சூடாகி விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விரிய விடுவதில்லை. எனவே சூடான பகுதி நீளவாக்கில் நசுங்கித் தடிக்கிறது. பிறகு குளிரும்போது, உருகி நிரம்பிய உலோகமும் நசுங்கிய பகுதியும் சேர்ந்து சுருங்குகின்றன. முடிவில் அந்தப் பக்கம் முன்பிருந்ததைவிடக் குட்டையாகிறது. குழாய் அந்தப் பக்கமாக வளைகிறது.

கணக்கையும் பாருங்கள். 1 மீட்டர் எஃகு, 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும். சாதாரண எஃகை மீட்டருக்கு ஏறக்குறைய 1.25 மி.மீ.க்கு மேல் நசுக்கினால் அது பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பாது. அதாவது, விரியவே இடமில்லாமல் இருபுறமும் இறுக்கப்பட்ட எஃகுக்கு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே நிரந்தர மாற்றம் தொடங்கிவிடும். பற்றவைப்பில் வெப்பநிலை சுமார் 1,500 டிகிரியை எட்டுகிறது!

எந்தப் பக்கம்?

மேலே இடைவெளி அதிகம், கீழே குறைவு என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கத்தைத்தான் சூடாக்க வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மேல்பக்கம் குட்டையாகி, இடைவெளி இன்னும் கூடும். இடைவெளி குறைவாக உள்ள கீழ்ப்பக்கத்தில்தான் பற்றவைக்க வேண்டும். அந்தப் பக்கம் சுருங்கிப் பின்வாங்க, இரு முகங்களும் இணையாகும்.

சிறிய சுருக்கம் போதும். 200 மி.மீ. விட்டமுள்ள குழாயில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.5 மி.மீ. குட்டையானால், சாய்வு 400க்கு 1. அங்கிருந்து 2 மீட்டர் தொலைவில் குழாயின் நுனி 5 மி.மீ. நகரும். நீங்கள் கணிதத்தில் படிக்கும் ஒத்த முக்கோணம்தான் இது.

எல்லா இடத்திலும் செய்யலாமா?

கூடாது. பற்றவைத்த இடத்திலும் உள்விசை தங்கும். எனவே பொறியாளரின் ஒப்புதலும், முடிந்தபின் சோதனையும் தேவை. துருப்பிடிக்காத எஃகு சில சுமார் 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால், துருவை எதிர்க்கும் ஆற்றலை இழக்கின்றன. கோணல் மிகுதியாக இருந்தால் குழாயை வெட்டி மறுபடி பொருத்துவதே சரி. கோணலே வராமல் தடுக்க, முதலில் நான்கு புள்ளிகளில் பற்றவைத்து நிறுத்திவிட்டு, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றிப் பற்றவைப்பார்கள். அப்போது ஒரு பக்கச் சுருக்கத்தை மறுபக்கச் சுருக்கம் ஈடுசெய்யும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு மெல்லிய காகிதப் பட்டையின் மேல்பக்கம் மட்டும் வெள்ளைப் பசையைத் தடவுங்கள். ஈரத்தால் மேல்பக்கம் விரியும். பட்டையின் முனைகள் முதலில் கீழ்நோக்கி வளையும். பசை காய்ந்து சுருங்கும்போது முனைகள் மேல்நோக்கித் திரும்பும். இங்கே காரணம் ஈரம், குழாயில் வெப்பம். ஆனால் இரண்டிலும் ஒரு பக்கம் மட்டும் சுருங்குவதால்தான் வளைவு வருகிறது.

சிந்திக்க: குழாய் முழுவதையும் சுற்றிலும் ஒரே சீராகச் சூடாக்கிக் குளிரவிட்டால் கோணல் நேராகுமா? காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.