கடல்மீன் தொட்டி நீரை எங்கே ஊற்றுவது?

ஈப்போவில் வரவேற்பறையில் நீமோ மீன் வளர்க்கும் வீடுகளில் வாரந்தோறும் ஒரு வேலை உண்டு: 200 லிட்டர் தொட்டியிலிருந்து 20 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீரை நிரப்புவது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆக, அந்த ஒரு வாளியில் 700 கிராம். அதைக் கொட்டும் இடம் பற்றித்தான் ஆளுக்கொரு நம்பிக்கை.

“உப்புத்தண்ணி ஒரு வாளி போனாலே செப்டிக் டேங்க் செத்துப்போகும்” என்பது அவற்றுள் முதன்மையானது. டேங்கிற்குள் மலத்தைச் செரிப்பவை காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். சோடியம் லிட்டருக்குச் சுமார் 3.5 கிராமைத் தாண்டும்போதுதான் அவை தடுமாறத் தொடங்குகின்றன. 2,000 லிட்டர் கொள்ளளவுள்ள டேங்கில் 700 கிராம் உப்பு கலந்தால் லிட்டருக்கு அரை கிராம்கூடத் தேறாது. அதிலும் சோடியம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாளிக்கு டேங்க் சாகாது.

ஆனால் வீடு மாறும்போதோ, பொழுதுபோக்கு சலித்துவிட்டபோதோ நாலடித் தொட்டியின் 400 லிட்டரையும் ஒரே மாலையில் கழிப்பறையில் கொட்டுவது வேறு கதை. உப்புநீர் கனமானது. கலப்பதற்கு முன் நேராக அடிக்குப் போய், பாக்டீரியாக்கள் குடியிருக்கும் கசடின் மேல் படியும். கலக்காத கடல்நீரில் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது; தாங்கும் எல்லையைப்போல் மூன்று மடங்கு. போதாததற்கு, திடீரென்று வந்த வெள்ளம் கசடைக் கிளப்பி வெளியேறும் குழாய்க்குத் தள்ளும். செரிக்காத மலம் வெளியே போகிறது என்று இதற்குப் பொருள்.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. “சமையலறை சிங்க்கில் ஊற்றுகிறேன், அது செப்டிக் டேங்கிற்குப் போய்விடும்” என்கிறார்கள். மலேசியாவில் தனிச் செப்டிக் டேங்க் கொண்ட பழைய வீடுகளில் பெரும்பாலும் கழிப்பறைக் குழாய் மட்டுமே டேங்கில் சேரும். சிங்க்கிலும் குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் விழும் நீர் வீட்டைச் சுற்றி ஓடும் வடிகாலான லோங்காங்கிற்குத்தான் நேராகப் போகிறது. ஈப்போவின் பழைய தாமான்களிலும், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுந்த குடியிருப்புகளிலும் வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், அதன் கீழே சோற்றுப் பருக்கையும் சவர்க்கார நுரையும்.

ஈப்போ நகரின் லோங்காங்குகள் பல சிற்றோடைகள் வழியாகக் கிந்தா ஆற்றுக்குப் போகின்றன; அது பேராக் ஆற்றில் கலக்கிறது. ஒரு வாளிக் கடல்நீரில் உள்ள குளோரைடை, குடிநீரில் உப்புச் சுவை தட்டாத அளவான லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,500 லிட்டர் நன்னீர் வேண்டும். அடைமழை நாளில் லோங்காங்கிற்கு அது பெரிதில்லை. வெயில் நாளில் விரற்கடை ஆழத்தில் தேங்கிநிற்கும் நீருக்கு, அதில் நெளியும் தலைப்பிரட்டைகளுக்கு, அது பெரிய அடி.

“தென்னைக்கு ஊற்றினால் காய் நன்றாகப் பிடிக்கும்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தென்னங்குழியில் உப்புப் போடுவது நம்மவர்களின் பழைய வழக்கம். தென்னைக்குக் குளோரைடு தேவை. பிலிப்பைன்ஸில் கறியுப்பையே உரமாக இடுகிறார்கள். ஆனால் வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். வாரம் ஒரு வாளி என்றால் ஆண்டுக்கு 36 கிலோ! பக்கத்திலேயே நிற்கும் கறிவேப்பிலையும் மிளகாயும் அதைத் தாங்கா. களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்ணின் துளைகள் அடைபட்டு நீர் இறங்காது. பேராக்கின் மழை உப்பைக் கழுவிவிடும் என்பது சரிதான், கழுவிய உப்பு நிலத்தடிக்குத்தான் போகும். கிணறு உள்ள வீட்டார் இதை மறக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் ஒன்று: “கடல்நீர்தானே, லூமூட் போகும்போது கடலிலேயே விட்டுவிடலாம்.” 1984இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு அடியில் சிறு திட்டாகத் தென்பட்ட காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவில் முளைத்தபோது, தார்ப்பாய் போர்த்திக் குளோரின் செலுத்த வேண்டியிருந்தது. ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது; செலவு 70 லட்சம் டாலருக்கும் மேல். தொட்டி நீரில் வெளியூர்ப் பாசியும் முட்டையும் நோய்க்கிருமியும் இருக்கலாம். பங்கோர் தீவின் பவளங்களுக்கு அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது.

செம்பு கலந்த மீன் மருந்து போட்ட நீர் தனி ரகம். அதைச் செப்டிக் டேங்கில் விடாதீர்கள், லோங்காங்கிலும் விடாதீர்கள். மீனுக்கு மருத்துவம் முடிந்ததும், அந்த நீரை ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி வழியாகச் சில நாள் ஓடவிட்டு, செம்பு அளவைச் சோதனைக் குப்பியில் பார்த்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

மருந்து கலக்காத நீர் என்றால் வாளியைக் கழிப்பறையில், ஒரு நாளைக்குச் சில லிட்டராகப் பிரித்து ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் செய்யுங்கள். செப்டிக் டேங்க் உப்பைச் செரிப்பதில்லை, நீர்த்துப்போக இடம்தான் கொடுக்கிறது. அதனால் அடியில் கசடு மண்டாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு அகற்றச் சொல்லிக் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிலிருந்து அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மீன் தொட்டியையே காலி செய்வதானால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.