வாக்குச் சாவடி ஏஜெண்டு நியமனம்

சட்டசபைக்கோ பாராளுமன்றத்திற்கோ தேர்தல் வருங்கால், வேட்பாளர்கள் நம் நெசவாளர் தெருக்களுக்கும் விவசாயக் கிராமங்களுக்கும் வந்து, தமக்காகச் சாவடியில் அமருமாறு அன்பர்களை வேண்டுவதுண்டு. இசைகின்றவர் பலர், அப்பணியின் விதிகளை அறிந்து இசைகின்றவர் சிலரே. ஆகவே அவ்விதிகளை இம்மாதப் பாடமாகக் கொள்வோம். நம் சங்கத் தேர்தலுக்கு விதிகள் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளும் இதற்கு அடிப்படையாகும். வேட்பாளர் தமக்கெனத் தேர்தல் ஏஜெண்டு ஒருவரை நியமிக்கலாம். அவ்விருவரும் எல்லாச் சாவடிகளிலும் இருத்தல் இயலாதாகையால், சாவடி ஒன்றுக்கு ஓர் ஏஜெண்டையும் அவருக்கு மாற்றாக இருவரையும் நியமிக்க விதி இடந்தருகிறது. ஆயினும் அம்மூவரில் ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளே இருக்கலாம்.

நியமனம் வாய்ச்சொல்லால் ஆவதன்று. வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜெண்டோ 10ஆம் எண் படிவத்தில் கையொப்பமிட்டுத் தருதல் வேண்டும். அதனைப் பெற்றவர், அதிலுள்ள உறுதிமொழியில் சாவடித் தலைமை அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிட்டு அவரிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டிலேயே கையொப்பமிட்டு எடுத்துச் செல்லுதல் முறையன்று. நியமனத்தை ரத்துச் செய்ய நேர்ந்தாலோ, ஏஜெண்டு இறக்க நேர்ந்தாலோ, வாக்குப்பதிவு முடிவதற்குள் வேறொருவரை நியமிக்கலாம்.

எம்மைப் போன்ற அரசாங்க ஊழியர் இப்பணியை ஏற்றல் குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாக்கின் இரகசியத்தை வெளியிடும் ஏஜெண்டுக்கும் தண்டனை உண்டு.

ஆள்மாறாட்டம் என்று ஐயுற்றால், ஏஜெண்டு இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அதிகாரி உடனே விசாரிப்பார். ஆட்சேபம் அற்பமானதென்றோ நல்லெண்ணமற்றதென்றோ அவர் கருதினால் பணம் பறிமுதலாகும். இல்லையேல் திரும்பக் கிடைக்கும். ஆதலின் தெருப் பகையைச் சாவடிக்குள் கொண்டுசெல்லலாகாது.

வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கைத் தலைமை அதிகாரி 17சி படிவத்தில் எழுதி, அவ்வேளையில் அங்கிருக்கும் ஏஜெண்டுகளுக்குச் சான்றொப்பமிட்ட நகல் அளிப்பார். எண்ணிக்கை நாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது இந்நகலே. மாலையில் முன்னதாகவே எழுந்து சென்றவருக்கு இது கிட்டாது.

ஏஜெண்டு வரவில்லை என்பதற்காக எந்த நடவடிக்கையும் செல்லாததாகிவிடாது என்பதும் சட்டமே. பணவசதி மிக்க வேட்பாளருக்கு ஆட்கள் தாமே சேர்வர். நம்மிடையேயிருந்து நிற்கும் எளியவருக்கோ, ஒரு நாள் கூலியை விட்டு வந்து அமர்பவர் தேவை. எழுதப் படிக்கத் தெரிந்தவராய், ஊராரை முகமறிந்தவராய், பொறுமையுள்ளவராய் மூவரை முன்கூட்டியே தேர்ந்து, உணவுக்கும் ஓய்வுக்கும் முறைவைத்துக் கொள்ளுங்கள். பாவில் அறுந்த இழையை அப்போதே முடிகின்ற நம் நெசவாளருக்கு, உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருப்பதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.