வாரம் ஒரு மணி நேரம் ஊருக்கு: பயனுள்ள 13 குறிப்புகள்

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. எங்கே போவது, யாரைக் கேட்பது என்பதில்தான் தயக்கம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தாலே போதும். பள்ளியானாலும் முதியோர் இல்லமானாலும், வருகிறேன் என்று சொன்ன நாளில் தவறாமல் வருகிறவர்தான் அங்கே வேண்டும்.

1. நடந்து போகும் தூரத்தில் இடம் தேடுங்கள். அரசுப் பள்ளி, கிளை நூலகம், முதியோர் இல்லம், கோயில், ஏரிக்கரை என்று பக்கத்திலேயே ஏதாவது இருக்கும். இரண்டு பஸ் மாறிப் போகும் இடம் மழைக்கும் வெயிலுக்கும் தள்ளிப்போய், கடைசியில் நின்றே போகும்.

2. குறைவாக ஒப்புக்கொள்ளுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது வருகிறேன்’ என்பதைவிட, ‘செவ்வாய் மாலை 5 முதல் 6 வரை வருகிறேன்’ என்று சொல்வது மேல். அதை நம்பித்தான் அங்குள்ளவர்கள் அன்றைய வேலையைத் திட்டமிட முடியும்.

3. பாடம் நடத்தத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில், 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள்தான். பிள்ளை கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திக்கினால் உடனே சொல்லிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

4. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர முயலுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அதைப் பேச வேண்டிய இடம் அதுதான்.

5. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கலாம். யார் எழுதலாம் என்ற விதி தேர்வுக்குத் தேர்வு மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் தேர்வுக்கு முன் ஒருநாள் இருவரும் சேர்ந்து பழகிப் பாருங்கள். வினாவை முழுதாக, நிதானமாக வாசியுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்கவோ, தவறைத் திருத்தவோ கூடாது. எழுதியதை ஒருமுறை வாசித்துக்காட்டினால் அவருக்குத் தைரியம் வரும்.

6. ரத்த தானம் 18 வயது முதல் 65 வரை செய்யலாம். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கொடுத்தபின் நிறையத் தண்ணீர் குடியுங்கள். அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பதை அன்றே வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

7. தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களை விசாரியுங்கள். மருந்து வாங்கித் தருவது, மின்கட்டணம் கட்டுவது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது எல்லாமே சேவைதான். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் போன் வழியாக வாழ்நாள் சான்று கொடுக்க உதவி தேவைப்படும். அப்போது போனை அவர்கள் கையிலேயே கொடுத்து, எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் அவர்களே கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதியோர் உதவிக்கான 14567 என்ற எண்ணை அவர்கள் வீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

8. இல்லங்களுக்கு உணவு கொடுக்க விரும்பினால், ‘எந்தத் தேதி காலியாக இருக்கிறது?’ என்று முதலில் கேளுங்கள். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் இனிப்பு குவியும். ஒரு சாதாரண புதன்கிழமைக்கு ஆள் இருக்காது. சோப்பு, தேங்காய் எண்ணெய், நாப்கின், புது உள்ளாடை போன்றவற்றை யாரும் நினைப்பதில்லை. விருந்தில் மிஞ்சியதைக் கொடுப்பதானால் சூடு ஆறுவதற்குள் போய்ச்சேர வேண்டும். தேங்காய்ச் சட்னியையும் தயிர் கலந்ததையும் தவிர்த்துவிடுங்கள்.

9. பழைய துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு எழுதிய சீட்டோடு கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குப் போடத் தயங்கும் துணியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம்.

10. குழந்தைகள் இல்லத்தில் செல்ஃபி வேண்டவே வேண்டாம். அங்குள்ள பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. உதவி பெறும் நேரத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது எந்தப் பிள்ளையையும் கூசவைக்கும். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள்.

11. கோயில் உழவாரப் பணிக்குப் போகும் முன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். துடைப்பம், கையுறை, குடிநீர் எடுத்துச்செல்லுங்கள். கல்வெட்டு உள்ள சுவரில் சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசக் கூடாது. கம்பிப் பிரஷ்ஷும் ஆசிடும் ஆகவே ஆகாது. சுவர் இடுக்கில் வேரோடிய அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் கல்லே நகரும். அதை விவரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

12. வெள்ளக் காலத்தில் கையில் கிடைத்ததை ஏற்றி அனுப்பாமல், அங்கிருப்பவர்களிடம் பட்டியல் கேளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் தேவை குடிநீரும் உணவும். தண்ணீர் வடிந்தபின் துடைப்பம், பிளீச்சிங் பவுடர், போர்வை, கொசுவர்த்தி, பள்ளி நோட்டு எல்லாம் வேண்டியிருக்கும். சேற்றில் இறங்குவதானால் பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் சேற்றின் வழியாகவும் தொற்றும்.

13. இயற்கையில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் வேலை உண்டு. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யலாம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை எனும் கடலாமைகள் ஜனவரி முதல் முட்டையிட வரும். அவற்றைக் காக்க 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் குழுவோடு இரவு நடைக்குப் போகலாம். டார்ச்சும் பிளாஷும் ஆமையை மிரட்டும், அணைத்துவையுங்கள். வெளியே போக முடியாதவர்கள் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கலாம்.

நிறுத்த வேண்டிய நிலை வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லி, முடிந்தால் உங்கள் இடத்துக்கு ஒருவரை அழைத்துவந்து வேலையைப் பழக்கிக்கொடுங்கள். செவ்வாய்தோறும் உங்களிடம் வாசித்துக்காட்டிய பிள்ளை, அடுத்த செவ்வாயும் யாரிடமாவது வாசித்துக்காட்ட வேண்டும்.