ரயிலும் நிரலும்

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. அங்கு வடகிழக்குப் பாதை 2003ஆம் ஆண்டிலும் டௌன்டவுன் பாதை 2015ஆம் ஆண்டிலும் சேவையைத் தொடங்கின. இரண்டிலும் ஓடும் ரயில்கள் நிலையத்தில் நிற்கும், கதவுகளைத் திறக்கும். ஆனால், வடகிழக்குப் பாதை ரயில் தலைக்குமேல் செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. டௌன்டவுன் பாதை ரயிலோ தரைமட்டத்தில் உள்ள மூன்றாம் தண்டவாளத்திலிருந்து பெறுகிறது.

சிங்கப்பூரின் ஆறு பெருவிரைவு ரயில் பாதைகளைப் பற்றி ஒரு மாணவி கணினி நிரல் எழுதுகிறார். ஒவ்வொரு பாதையின் ரயிலுக்கும் தனித்தனியாக எழுதினால், கதவு பற்றிய ஒரே கட்டளையை ஆறு முறை எழுத நேரிடும். அதில் பிழை இருந்தால் ஆறு இடங்களிலும் திருத்த வேண்டும். ஓர் இடத்தை மறந்தாலும் பிழை நீடிக்கும்.

இதைத் தவிர்க்க உதவுவதே ‘மரபுரிமை’. ‘ரயில்’ என்னும் தாய் வகுப்பில் பொதுவான பண்புகளையும் செயல்களையும் ஒருமுறை எழுதினால் போதும். ‘வடகிழக்குப் பாதை ரயில்’ போன்ற சேய் வகுப்புகள் அவற்றைப் பெற்றுக்கொள்ளும். மின்சாரம் பெறும் முறையைப் போல வேறுபடுவதைச் சேய் வகுப்பு தனக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளும்.

குடும்பச் சொத்து கைமாறினால் கொடுத்தவரிடம் அது இருக்காது. நிரலிலோ தாய் வகுப்பு எதையும் இழப்பதில்லை. அதில் ஒரு திருத்தம் செய்தால் அதன் பயன் எல்லாச் சேய் வகுப்புகளுக்கும் கிடைக்கும்.

தவறும் அப்படியே பரவும். 1987இல் தொடங்கிய வடக்கு தெற்குப் பாதையின் ரயில்களில் ஓட்டுநர் இருக்கிறார். அதை எண்ணி அம்மாணவி ‘ஓட்டுநர் பெயர்’ என்பதைத் தாய் வகுப்பில் சேர்த்துவிட்டார். வடகிழக்குப் பாதை ரயில்களோ ஓட்டுநர் இல்லாமலேயே ஓடுபவை. இல்லாத ஒருவரின் பெயரை நிரல் கேட்டபோதுதான் அவருக்குத் தவறு புரிந்தது. ஓட்டுநர் உள்ள ரயில்களுக்கென ஒரு சேய் வகுப்பை உருவாக்கி, அந்தப் பண்பை அங்கு மாற்றினார்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் 1967இல் சிமுலா 67 என்னும் கணினி மொழியில் இக்கருத்தை அறிமுகப்படுத்தினர். இன்று பைத்தான், ஜாவா ஆகிய மொழிகளிலும் அது பயன்படுகிறது. எந்த மொழியில் எழுதினாலும், ஒரு பண்பைத் தாய் வகுப்பில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எல்லாச் சேய் வகுப்புகளுக்கும் உண்மையிலேயே பொருந்துமா?