வீடு தேடி வரும் கால்நடை மருத்துவம்

திருப்பதியில் 1955-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005-இல் அங்கேயே ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அமைந்தது. எனினும் சித்தூர்ச் சிற்றூரொன்றில் எழ இயலாது கிடக்கும் பசுவுக்கு அதனால் உடனடிப் பயன் யாது? நாய்க்குட்டியைத் தோளில் சுமக்கலாம். பசுவைச் சுமப்பார் யார்? வண்டிச் சத்தமும் ஒருநாட் கூலி இழப்பும் சேர்ந்தால், மருந்தைக் காட்டிலும் வழியே ஏழைக்குப் பெருஞ்செலவு.

இக்குறை நீங்க, 2022 மே மாதத்தில் ஆந்திர அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை விடுத்தது. முதற்கட்டத்தில் தொகுதிக்கு ஒன்றாக 175. 1962 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவரும் உதவியாளரும் வீடு தேடி வருமாறு வகுத்தனர். சாணமும் குருதியும் சோதிக்கும் கருவிகள், வீழ்ந்த மாட்டைத் தூக்கி ஏற்றும் பொறி ஆகியவை ஊர்தியிலேயே உண்டு.

மாட்டுக்கு இவ்வாறெனில், வீட்டு நாய்க்கு? மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்கு 99 நாய்களாலேயே வருகிறது. ஊர் நாய்களுள் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி இட்டால் நோய் பரவாது தடுக்கலாம். மாடிவீட்டு நாய்களை மட்டும் எண்ணினால் அவ்வெழுபது நிறையுமா? குடிசை வாயிலில் கிடக்கும் நாய்க்கும் ஊசி எட்டவேண்டும். ஏழை வீட்டு விலங்குக்குத் தரும் மருத்துவம் ஊரார் அனைவரையும் காக்கும். மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இதனை எடுத்துரைப்பீர்களாக!