பொருளியல் சரி, கூட எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்பு முடித்து வணிகவியல் குரூப் கேட்டுப் போனால், பல பள்ளிகளில் அடுத்துக் கேட்பது "வணிகக் கணிதமா, கம்ப்யூட்டரா?" என்பதுதான். பொருளியல் இரண்டிலும் இருக்கிறதே, எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல.

தக்காளி கிலோ 40 ரூபாய்க்கு விற்றபோது வாரம் 2 கிலோ வாங்கிய வீடு, 60 ரூபாயானதும் ஒன்றரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. விலை ஏற்றம் 50 சதவீதம். வாங்கியதில் குறைவு 25 சதவீதம். 25-ஐ 50-ஆல் வகுத்தால் 0.5. இதுதான் தேவை நெகிழ்ச்சி. பதினோராம் வகுப்புப் பொருளியல் இந்தக் கருத்தை விளக்குகிறது. அதையே வகைநுண்கணிதத்தில் கணக்காகப் போடவைப்பது தமிழ்நாட்டு வணிகக் கணிதப் புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பில் நுகர்வோர் எச்சத்தையும் (கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) தொகைநுண்கணிதம் வழியே கண்டுபிடிக்கிறார்கள். பொருளியலையும் வணிகக் கணிதத்தையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைக்குப் பொருளியல் வரைபடம் மனப்பாடமாக இருக்காது, புரிந்துவிடும்.

மேற்படிப்புக்கும் கணக்கு தேவைப்படுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் சேர நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியாக வேண்டும். சி.ஏ. ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று வணிகப் பொருளியல். கணக்கும் புள்ளியியலும் கலந்த தாள் இன்னொன்று.

கம்ப்யூட்டர் பாடம் மோசமென்று சொல்லவில்லை. பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று முடிவே செய்துவிட்டவர்களுக்கு அது பொருத்தம். மதிப்பெண் எளிதாக வரும் என்பதற்காக மட்டும் எடுப்பதுதான் தவறு. பொருளியலில் ஆர்வம் பின்னால் பிறந்தால், கல்லூரியில் கணக்கு பெரிய தடையாக நிற்கும்.

வரலாறு, பொருளியல் சேர்ந்த கலைப்பிரிவை ஏனோ பலரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் இருந்தால் அது நல்ல தேர்வு. இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டுப் பொருளாதாரமும் பதினோராம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பிறகு தேடி வாங்குவதும் அந்தப் புத்தகத்தைத்தான்.

எதுவென்று தீர்மானிக்க முடியாமல் தவித்தால் வணிகக் கணிதத்தை எடுங்கள். அதைப் படித்தவர் பி.ஏ., பி.காம்., சி.ஏ. எதற்கும் போகலாம். குரூப்புக்குக் கையெழுத்துப் போடுமுன் அந்தப் புத்தகத்தில் வகையிடலின் பயன்பாடுகள் பாடத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.