பன்னிரண்டு அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால்

அன்புள்ள தம்பி,

உன் பட்டியல் கிடைத்தது. சனிக்கிழமை சார்மினார், சாலார் ஜங் மியூசியம், சௌமஹல்லா அரண்மனை, கோல்கொண்டா. ஞாயிற்றுக்கிழமை ராமோஜி ஃபிலிம் சிட்டி, நிஜாம் மியூசியம், ராத்திரி "ஏதாவது ஒரு நாடகம்". நடுவில் இரண்டு பிரியாணி. "சரியா வருமாண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். வராது. ஃபிலிம் சிட்டி மட்டுமே ஒரு முழு நாளை விழுங்கிவிடும். அதை முதலில் அடித்துவிடு. மிச்சத்தில் ஒரு மியூசியத்தையும் ஒரு நாடகத்தையும் வைத்துக்கொள். ஹைதராபாத்தில் உன் இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் எத்தனையோ சனிக்கிழமை இருக்கிறது, கோட்டை எங்கேயும் ஓடிவிடாது.

மியூசியம் என்றால் சாலார் ஜங். ராய்துர்கில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் மாறி, எம்.ஜி.பி.எஸ்.ஸில் இறங்கி ஆட்டோ பிடி. மூசி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. உள்ளே போனதும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு, முதல் கூடத்திலிருந்து வரிசையாக, கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் மாதிரி ஒன்றுவிடாமல் படம் எடுப்பாய். கூடங்கள் நாற்பதுக்குப் பக்கம். பத்தாவது கூடத்தில் கால் வலிக்கும், பதினைந்தாவதில் கேன்டீன் எங்கே என்று தேடுவாய். அதற்குப் பதிலாக மூன்றே பொருள்களைப் பார்.

முதலாவது, முக்காடிட்ட ரெபெக்கா. இத்தாலியச் சிற்பி பென்சோனி பளிங்கில் செதுக்கியது. முதலாம் சாலார் ஜங் 1876-இல் ரோமில் வாங்கினார். முகத்தின் மேல் ஈரத்துணி ஒட்டியிருப்பதுபோல் தெரியும். துணியும் கல்தான், முகமும் அதே கல்தான். "இன்ஸ்டாவில் பார்த்துட்டேனே" என்பாய். படத்தில் அது வெறும் வெள்ளைச் சிலை. நேரில் போய் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பார், வெளிச்சம் மாறும்போது முக்காடும் மாறும்.

இரண்டாவது, ஒரே மரத்தில் செதுக்கிய இரட்டைச் சிலை. முன்னால் நிமிர்ந்து நிற்கும் மெஃபிஸ்டோஃபிலிஸ், முதுகுப்பக்கம் தலைகுனிந்த மார்கரீட்டா. பின்னால் கண்ணாடி வைத்திருப்பதால் இருவரையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். ஜெர்மன் கவி கோதேயின் 'ஃபாஸ்ட்' நாடகப் பாத்திரங்கள் இவர்கள். கெடுத்தவனும் கெட்டவளும் ஒரே மரத்தில்! ராத்திரி நாடகத்துக்கு இங்கேயே மனசு தயாராகிவிடும்.

மூன்றாவது கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் குட்டிக் கதவு திறந்து ஒரு தாடிக்காரர் வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போவார். பன்னிரண்டு மணிக்குத்தான் அதிக நேரம் நிற்பார். ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார். கரீம்நகரிலிருந்து வந்த பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த ஒரு நிமிடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்கும்போது அவர்களையும் பார்.

இவ்வளவையும் சேர்த்தவர்களில் முக்கியமானவர் மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான். 1912-இல் நிஜாமின் பிரதம மந்திரி ஆனபோது அவருக்கு 23 வயது, உன்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. 1914-இல் பதவியை விட்டார். பிறகு 1949-இல் சாகும்வரை பொருள் சேர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1951 டிசம்பரில் அவருடைய மாளிகையிலேயே நேரு மியூசியத்தைத் திறந்துவைத்தார். இப்போதுள்ள கட்டடத்துக்கு 1968-இல்தான் வந்தது.

இனி நாடகம். "ஏதாவது ஒரு நாடகம்" என்று இனி எழுதாதே. சுரபி நாடகக் குழுவினர் எங்கே ஆடுகிறார்கள் என்று விசாரி. நாம்பள்ளி பப்ளிக் கார்டன்ஸ் பக்கமோ, ரவீந்திர பாரதியிலோ, எங்கே இருந்தாலும் போ. 1885-இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 'கீசக வத'த்தோடு தொடங்கிய குடும்பம் இது. தாத்தா முதல் பேத்தி வரை மேடையில் இருப்பார்கள். மற்ற இடங்களில் ஆண்கள் சேலை கட்டி ஆடிய காலத்திலேயே இவர்கள் வீட்டுப் பெண்கள் வேஷம் கட்டினார்கள். நம் ஊரில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன, ஔவையாராக டி.கே. சண்முகம் நடித்ததைத் தமிழ்நாடே பார்த்தது. ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளைப் பற்றி தாத்தாவைக் கேள், ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் கம்பெனிகளெல்லாம் போய்விட்டன. இது மட்டும் நம் பக்கத்து வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் நீ ஊர் திரும்பினால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

"தெலுங்கு தெரியாதேண்ணா." அவர்கள் ஆடும் மாயாபஜார் கதை தெரியுமில்லையா? 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படத்தில் ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டை ஒரு கை பார்த்தாரே, அதே கடோத்கஜன்தான். இங்கே உன் கண்ணெதிரே லட்டு தட்டிலிருந்து எழும்பி அவன் வாய்க்குப் போகும். நாரதர் மேகத்தில் இறங்குவார். இரண்டு அம்புகள் நடுவானில் மோதித் தீப்பொறி பறக்கும். கம்ப்யூட்டர் வேலை இல்லை. கயிறும் கப்பியும், திரைக்குப் பின்னால் ஒரு சித்தப்பாவின் கையும்தான். "கயிறு தெரியுதே" என்று பக்கத்து சீட்டில் முணுமுணுக்காதே. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து பஞ்சாரா ஹில்ஸ் லாமகானுக்குப் போ. ஒரு வீட்டையே 2010 முதல் கலைக்கான திறந்த இடமாக்கியிருக்கிறார்கள். டீ, சமோசா, சிறிய மேடை. அங்கே யாராவது "நக்கோ" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். தக்கினிப் பேச்சில் முதலில் அதைக் கற்றுக்கொள்.

ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு வெள்ளிக்கிழமையே மியூசியத்தை முடித்துவிடலாம் என்றாயே, அந்த யோசனையை விடு. சாலார் ஜங்குக்கு வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை கடிகாரத்தின் முன் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு போன் போட்டு, பேசாமல் பிடித்துக்கொண்டிரு. பன்னிரண்டு அடியும் எனக்குக் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்